பச்சைப் போத்தலும் திருகோணமலை வெயிலும்: ஒரு லாகரை மதிப்பிட்ட குறிப்பு

ஹைனெகன் என்ற லாகர் வகைப் பியரைப் பற்றித் திருகோணமலையில் இரண்டு கட்சி. "நாறுது" என்பது ஒன்று. "வெளிநாட்டுச் சாமானின் மணமே அதுதான்" என்பது மற்றது. இரண்டு கட்சியும் மூக்கில் பிடித்தது ஒரே மணத்தைத்தான். அது ஆலையில் பியர் காய்ச்சும்போது வருவதல்ல, பச்சைப் போத்தலுக்குள் வெளிச்சம் புகுந்தபின் வருவது. ஆகவே புள்ளி போடுமுன் சரக்கு வேறு, அது வந்த வழி வேறு என்று பிரித்தாக வேண்டும். அதற்காகத் திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் செய்த சோதனையின் முறையும் முடிவும், பிழைத்த இடங்களும் இங்கே.

வாங்கும்போது

முதலில் லேபிளின் பின்பக்கம். ஹைனெகன் என்ற பெயரில் வருவதெல்லாம் நெதர்லாந்துச் சரக்கு அல்ல. உலகத்தில் பல நாடுகளில் அதே பெயரில் காய்ச்சுகிறார்கள். எங்கே காய்ச்சியது என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். ஒப்பிடப் போகும் போத்தல் எல்லாம் ஒரே இடத்தில் காய்ச்சியவையாக, ஒரே தொகுதி இலக்கத்தோடு இருக்க வேண்டும். காலாவதித் திகதி ஒரு வாரம் தள்ளியிருந்தாலும் அந்தப் போத்தலைச் சோதனைக்கு எடுக்க வேண்டாம், குடிக்க எடுக்கலாம்.

அடுத்தது இடம். கண்ணாடிக் கதவு வைத்த குளிரூட்டியில் முன்வரிசைப் போத்தல் பகலும் இரவும் குழல்விளக்கைப் பார்த்துக்கொண்டே நிற்கும். அதைத் தொட வேண்டாம். உள்ளே பிரிக்காத பெட்டி இருந்தால் அதிலிருந்து கேட்டு வாங்குங்கள். கரண்ட் செலவை மிச்சம்பிடிக்க இரவில் குளிரூட்டியை நிறுத்திவிடும் கடைகளும் உண்டு. காலையில் கடை திறந்த கையோடு போய்ப் போத்தலைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். போயா நாளில் கடை பூட்டு, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பனை இல்லை. இந்த இரண்டையும் கணக்கில் வைத்து நாளைத் தீர்மானியுங்கள்.

ஐரோப்பாவில் ஏற்றிய பெட்டி வாரக்கணக்கில் கடலில் வந்து, கொழும்புத் துறைமுகத்தில் கிடந்து, பிறகு ஹபரணை, கந்தளாய் வழியாக லொறியில் வருகிறது. பியர் பழசாவதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு: 32 பாகையில் 3 நாள், 22 பாகையில் 30 நாள், 3 பாகையில் 300 நாள், மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு கெடுதல். போத்தலுக்குள் ஒட்சிசன் மிகக் குறைவாக அடைக்கும் பெரிய ஆலைகளின் பியர் இந்தக் கணக்கை விட நன்றாகவே தாங்கும். இருந்தாலும் கணக்கின் போக்கு சரி. ஆடி மாதக் கச்சான் காற்று வீசும்போது திருகோணமலையில் ஒரு தகரக் கூரைக் களஞ்சியத்துக்குள் கையை நீட்டிப் பார்த்தவருக்கு மேலே விளக்கம் தேவைப்படாது.

பிரித்து வைத்தது

330 மில்லிலீற்றர் போத்தல்கள், ஒரே பெட்டி, ஒரே தொகுதி. நான்கு வகையாகப் பிரித்தோம்.

அ: வாங்கிய நாளிலிருந்து பெட்டியோடேயே பிரிட்ஜில், 4 பாகையில், இருட்டில்.
ஆ: அ போலவே வைத்து, சோதனை நாளில் மட்டும் அரை மணித்தியாலம் நண்பகல் வெயில்.
இ: தகரக் கூரைக்குக் கீழ், மூடிய பெட்டியில், வெளிச்சம் படாமல் 14 நாள்; பிறகு ஒரு முழு நாள் பிரிட்ஜில்.
ஈ: அதே பியர் ரின்னில் அடைத்தது, பிரிட்ஜில். ரின்னின் தொகுதி வேறாகத்தான் இருக்கும், அதற்கு வழியில்லை. திகதி நெருங்கியதாகப் பார்த்து எடுத்தோம்.

தேவை 12 போத்தலும் 2 ரின்னும். கடைசியில் முடிந்தது 16 போத்தல். காரணம் பின்னால் வருகிறது.

ஆ-வில் ஒரு பொறி இருக்கிறது. போத்தலை வெறுமனே வெயிலில் வைத்தால் வெளிச்சமும் சூடும் சேர்ந்து போகும், எது கெடுத்தது என்று சொல்ல முடியாது. அதனால் வெள்ளைப் பிளாஸ்ரிக் பேசினில் ஐஸ் தண்ணி நிரப்பி, போத்தலைக் கிடையாக, பாதி வெளியே தெரிய வைத்தோம். 15 நிமிடத்தில் மறுபக்கம் புரட்டினோம். தண்ணி 8 பாகையைத் தாண்டவிடாமல் ஐஸ் போட்டுக்கொண்டே இருந்தோம். அதே பேசினில், பக்கத்திலேயே, அலுமினியத்தாளில் இரண்டு சுற்று சுற்றிய இன்னொரு போத்தல். அதற்கும் அதே சூடு, அதே அசைவு, அதே நேரம். வெளிச்சம் மட்டும் இல்லை. இந்தத் தாள் சுற்றிய போத்தல் இல்லாமல் செய்யும் வெயில் சோதனைக்குப் பெறுமதி கிடையாது.

கிளாஸ்

பாதிப் பிழை கிளாஸில் நடக்கிறது. கரையோரக் கிணற்றுத் தண்ணி உவர். அதில் கழுவிக் காயவைத்த கிளாஸில் வெள்ளைப் படலம் பிடிக்கும், நுரை அந்த இடத்தில் கிழியும். மீன் சட்டி கழுவிய பஞ்சு பட்டால் வெடுக்கு ஏறும். தேசிக்காய் வாசச் சவர்க்காரம் போட்டால், பியரில் இல்லாத தேசிக்காயை எல்லோரும் கண்டுபிடிப்பார்கள்.

செய்த முறை: கிளாஸை வினாகிரியும் சுடுதண்ணியும் சம பங்காகக் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, வாசமில்லாத சவர்க்காரத்தால் புதுப் பஞ்சு கொண்டு தேய்த்து, கடைசி அலசலைப் போத்தல் தண்ணியில் முடித்து, துவாயால் துடைக்காமல் கம்பித் தட்டில் கவிழ்த்து வைத்தல். பிறகு உப்புச் சோதனை: உட்புறத்தை நனைத்து, தண்ணியை வடித்துவிட்டு, தூளுப்பை விரலால் தூவுங்கள். சுத்தமான கிளாஸில் உப்பு பனி படிந்த மாதிரி ஒரே சீராக ஒட்டும். எண்ணெய்ப் பசை உள்ள இடத்தில் ஒட்டாது, விரல் ரேகை வடிவத்தில்கூட வெறுமை தெரியும். எட்டுக் கிளாஸில் இரண்டு முதல் தடவை தோற்றன. இரண்டிலும் விளிம்புக்குக் கீழே, வாய் படும் உயரத்தில். உப்பைக் கழுவிவிட்டு மறுபடி தேய்த்த பின்னரே சேர்த்தோம்.

ஊற்றிய பிறகும் ஒரு அடையாளம் உண்டு. சுவரில் ஒட்டிக்கொண்டு மேலே வராமல் நிற்கும் குமிழிகள் தெரிந்தால், கிளாஸ் அழுக்கு. அதை "நல்ல காஸ்" என்று புகழ்பவர் கண்டபடி உண்டு.

கிளாஸைப் பிரிட்ஜில் வைத்து உறையவிடுவதும் வேண்டாம். நம்மூர் ஈரக்காற்றில் வெளியே எடுத்த உடனே உள்ளும் புறமும் வியர்க்கும், அந்தத் தண்ணி பியரில் சேரும், நுரை குலையும்.

சூடும் குளிரும்

சுவைபார்க்கத் தொடங்குவது 7 பாகையில், முடிப்பது 12 பாகையில். கடையில் தரும் 2, 3 பாகையில் மூக்குக்கு ஒன்றும் எட்டாது; நாக்கில் கசப்பும் குளிரும் மட்டும் தெரியும். வெக்கைக்குக் குடிக்க அது சரி. மதிப்பிட அது திரை போட்டுப் படம் பார்ப்பது மாதிரி.

அவசரமாகக் குளிரவைக்க வேண்டுமென்றால் 2 கிலோ ஐஸ், 2 லீற்றர் தண்ணி, இரண்டு கைப்பிடி உப்பு. அறைச் சூட்டில் இருந்த போத்தல் ஏறக்குறைய 20 நிமிடத்தில் இறங்கிவிடும். மறந்துவிடக் கூடாது. 5 வீத மதுசாரமுள்ள பியர் மைனஸ் 2, 3 பாகையில் உறையத் தொடங்கும், உப்பு போட்ட ஐஸ் அதற்கும் கீழே போகும். உறைந்து இளகிய பியரில் செதில் செதிலாகப் புரதம் மிதக்கும், அதைச் சோதனைக்கு எடுக்க முடியாது.

மூன்று கிளாஸ் சோதனை

ஒரு ஆளுக்கு மூன்று கிளாஸ். இரண்டில் ஒரே பியர், ஒன்றில் வேறு. "எது வேறு?" என்பது மட்டுமே கேள்வி. எது நல்லது என்று கேட்பது பிறகு. ஆறு பேருக்கு ஆறு ஒழுங்கு: அஅஆ, அஆஅ, ஆஅஅ, ஆஆஅ, ஆஅஆ, அஆஆ. ஒவ்வொரு கிளாஸுக்கும் 50 மில்லிலீற்றர். ஆகவே ஒரு சுற்றுக்கு ஒவ்வொரு வகையிலும் 450 மில்லிலீற்றர், நுரைச் சேதாரத்தோடு இரண்டு போத்தல். கிளாஸில் எழுத்துப் போடாமல் மூன்று இலக்க எண் ஒட்டவும். "அ" என்று கண்டால் மனசு அதற்கு முதலிடம் கொடுத்துவிடும். ஊற்றுபவர் சுவைபார்க்கக் கூடாது, முகத்தையும் காட்டக் கூடாது. கிளாஸின் வாயைக் கடதாசித் துண்டால் மூடி வைத்தால் மணம் தங்கும்.

கணக்கு: கண்ணை மூடிச் சொன்னாலும் மூன்றில் ஒரு பங்கு சரியாகும். ஆறு பேரில் நான்கு பேர் சரியாகச் சொன்னாலும் அது குருட்டு வாய்ப்பில் பத்தில் ஒரு தரம் நடக்கக்கூடியது. ஐந்து பேராவது சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் உண்டென்று எழுதலாம்.

இடையில் வெறும் பாணும் தண்ணியும், இல்லாவிட்டால் கிறீம் கிறக்கர். கச்சான், மிக்சர், கணவாய்ப் பொரியல் எல்லாம் சோதனை முடிந்த பிறகு. மிளகாய் பட்ட நாக்கில் காஸ் குத்தும்போது காரம் இன்னும் ஏறும், கசப்பை எடைபோட முடியாது. எண்ணெய் பட்ட உதடு நுரையையும் கொல்லும். தேசிக்காய்த் துண்டு எந்தக் கட்டத்திலும் வேண்டாம், அது கெட்ட பியருக்கு வக்கீல்.

சுற்றுகளின் ஒழுங்கும் முக்கியம்: முதலில் ரின், அடுத்து சூடு, கடைசியில் வெயில். வெயில் பட்டதை முன்னுக்கு வைத்தால் அந்த மணம் மூக்கில் குந்திக்கொண்டு அடுத்த சுற்றையும் கெடுக்கும்.

என்ன வந்தது

ரின்னும் போத்தலும் (அ, ஈ): மூன்று பேர் சரி. அதாவது வித்தியாசம் நிரூபிக்கப்படவில்லை. "ரின் பியரில் தகரம் மணக்கும்" என்பவர்கள் பெரும்பாலும் ரின்னிலேயே வாய் வைத்துக் குடிப்பவர்கள். மூக்குக்கு நேரே இருப்பது பியர் அல்ல, அலுமினிய மூடி. ரின்னின் உட்புறத்தில் பூச்சு இருக்கிறது, கிளாஸில் ஊற்றினால் அந்தக் கதை தீரும்.

சூடு (அ, இ): முதல் சுற்று முழுவதும் வீண். ஆறு பேரும் சரியாகச் சொன்னார்கள், அதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. கேட்டால் ஒருவர் "இது குளிர் காணாது" என்றார். தேர்மோமீற்றரை வைத்துப் பார்த்தால் அ 7 பாகை, இ 10 பாகை. இ போத்தல்கள் பிரிட்ஜ் கதவுத் தட்டில் நின்றவை. கதவைத் திறக்கத் திறக்கச் சூடேறிவிட்டன. சுவைத்தது பழசை அல்ல, மூன்று பாகையை. மேலதிகமான நான்கு போத்தலும் போனது அங்கேதான். இ-யில் மேலதிகமாக இரண்டு வைத்திருந்ததால் மறுநாள் திரும்பச் செய்ய முடிந்தது. எல்லாவற்றையும் ஒரே ஐஸ் பெட்டியில் இரண்டு மணித்தியாலம் வைத்து, ஒவ்வொரு போத்தலையும் அளந்து ஊற்றினோம். இந்த முறை ஐந்து பேர் சரி. வித்தியாசம் உண்டு, ஆனால் கத்திக் காட்டும் வித்தியாசமல்ல. 7 பாகையில் மூன்று பேர் தயங்கினார்கள். 11 பாகைக்கு வந்தபோது நனைந்த காட்போட் மட்டை மணம் எழும்பியது. நொனெனால் என்ற பொருள் தரும் மணம் அது. கசப்பின் கூர் மழுங்கி, தேன் மாதிரி ஒரு இனிப்பு முன்னுக்கு வந்திருந்தது.

வெயில் (அ, ஆ): ஆறு பேரும் சரி. வாயில் வைக்குமுன்னே, கடதாசியைத் தூக்கியவுடனே. தாள் சுற்றிய போத்தலைத் தனியாக மணந்து பார்த்தோம், அது அ-விலிருந்து பிரிக்க முடியாததாக இருந்தது. ஆகவே குற்றவாளி வெளிச்சம்தான், சூடு அல்ல.

காரணம் இது. பியருக்குக் கசப்பூட்டும் ஹொப்ஸ் பூவின் கசப்புப் பொருள்கள் நீல, ஊதா வெளிச்சத்தில் பியரிலுள்ள ரைபோபிளேவின் உயிர்ச்சத்தின் துணையோடு உடைகின்றன. உடைந்த துண்டு கந்தகத்தோடு சேர்ந்து தயோல் என்ற நாற்றப் பொருள் உண்டாகிறது. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். மண்ணிறக் கண்ணாடி அந்த வெளிச்சத்தில் பெரும்பகுதியை மறிக்கும், பச்சைக் கண்ணாடி கொஞ்சம்தான் மறிக்கும், நிறமில்லாதது ஏறக்குறைய மறிப்பதேயில்லை. ஆங்கிலப் புத்தகங்கள் இதை ஸ்கங்க் என்ற அமெரிக்கப் பிராணியின் நாற்றம் என்கின்றன. அந்தப் பிராணியை இங்கே யார் கண்டது? நமக்கு எட்டிய வார்த்தையில், சுட்ட ரப்பரும் அழுகத் தொடங்கிய வெங்காயமும். ஆறு பேரில் நான்கு பேர் தனித்தனியே "ரப்பர்" என்றே எழுதியிருந்தார்கள்.

நிலாவெளிக் கடற்கரை மேசையில் இது இன்னும் வேகமாக நடக்கும். ரின்னிலிருந்து நேரே ஊற்றினாலும், தெளிந்த கிளாஸில் வெயில் படும்படி வைத்தால் சில நிமிடத்தில் அதே ரப்பர். பியரையும் கிளாஸையும் நிழலில் வைத்துவிட்டு நீங்கள் வெயிலில் இருங்கள்.

இனிப் புள்ளி

அ-வுக்கு மட்டுமே முழு மதிப்பீடு. பியர் போட்டி நடுவர்களுக்குச் சான்றளிக்கும் பி.ஜே.சி.பி. அமைப்பின் நடுவர் தாளிலுள்ள பங்கீட்டை எடுத்தோம்: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாய்நிறைவு 5, மொத்த எண்ணம் 10, ஆக 50. அந்த வழிகாட்டியில் ஹைனெகன் சர்வதேச வெளிர் லாகர் வகையின் எடுத்துக்காட்டுகளில் ஒன்று. அந்த வகைக்குக் கசப்பு 18 முதல் 25 அலகு, மதுசாரம் 4.5 முதல் 6 வீதம். இதை நினைவில் வைக்காவிட்டால் அநியாயம் நடக்கும். செக் நாட்டின் பில்ஸ்னர் உர்கெல் 1842 இல் பில்சென் நகரில் யோசப் குரோல் காய்ச்சிய வழியில் வருவது. அந்த வகைக்குக் கசப்பு 30 முதல் 45, மெல்லிய வெண்ணெய் மணமும் அங்கே குற்றமில்லை. அந்தக் கசப்பை இதில் தேடி, காணவில்லை என்று புள்ளி குறைப்பது, இடியப்பத்தில் மொறுமொறுப்பு இல்லை என்று குறை சொல்வது.

தோற்றம் 3: வெளிர் பொன்னிறம், பின்னால் பிடித்த பத்திரிகை எழுத்து வாசிக்கும் தெளிவு, இரண்டு விரல் வெள்ளை நுரை, ஒவ்வொரு மிடறுக்கும் சுவரில் ஒரு வளையம்.

மணம் 7: பாண் தோல், உலர்ந்த புல், பின்னால் மெலிதாக வாழைப்பழம். வாழைப்பழத்தைக் கண்டு ஒருவர் புள்ளி குறைத்திருந்தார், அது தவறு. இந்த ஈஸ்ட் பழ மணமுள்ள எஸ்டர் என்ற பொருளைக் கொஞ்சம் தரும் சாதி, அதுவே இந்தப் பியரின் கையெழுத்து. ஹைனெகன் ஆய்வுகூடத்தில் ஹார்டொக் எலியொன் 1886 இல் பிரித்தெடுத்த அந்த ஈஸ்டை 'ஏ' என்று பெயரிட்டு இன்றும் காப்பாற்றி வருகிறார்கள். வாழைப்பழம் நெயில் பொலிஷ் பக்கம் போயிருந்தால் குறைக்கலாம். போகவில்லை. குறையைக் காட்டும் அவித்த சோளம், வெண்ணெய், பச்சை அப்பிள் மணம் மூன்றையும் தேடினோம், இல்லை.

சுவை 13: மோல்ட்டின் (முளைகட்டிய பார்லியின்) இனிப்பு முதல், நடுவில் கசப்பு எழும்பி, விழுங்கியபின் சீக்கிரம் இறங்கிவிடுகிறது. சுத்தம், ஆனால் முடிவு குட்டை. கசப்பு இன்னும் இரண்டு மூச்சு நின்றிருந்தால் 15 போட்டிருக்கலாம்.

வாய்நிறைவு 4, மொத்த எண்ணம் 7. கூட்டினால் 34; அந்தத் தாளில் 30 முதல் 37 வரை "மிக நல்லது".

அதே தாளில் ஆ-வுக்கு 20, இ-க்கு 25 வந்தது. ஒரே பெட்டி, ஒரே பியர், நம்மூரில் நடந்த 14 புள்ளி நட்டம்.

தாளில் சேர்க்க வேண்டிய மூன்று வரி

நடுவர் தாளில் இல்லாத மூன்று வரியை மேலே எழுதிக்கொள்ளுங்கள்: தொகுதி இலக்கமும் காய்ச்சிய நாடும், கடையில் எந்த வரிசையில் நின்றது, ஊற்றியபோது எத்தனை பாகை. இவை இல்லாத புள்ளியை அடுத்த மாதம் வாங்கும் போத்தலோடு ஒப்பிட முடியாது.

வீட்டில் வைப்பது எளிது. போத்தலை நிமிர்த்தி, பிரிட்ஜின் கதவுத் தட்டில் அல்லாமல் உள்ளே, பின்பக்கம். வாங்கிய பெட்டியை எறியாமல் அதற்குள்ளேயே. ஒன்றிரண்டாக வாங்கினால் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றினாலும் போதும். கடையிலிருந்து பகலில் கொண்டுவரும்போது ஒளி ஊடுருவும் பையை விட்டு, துணிப் பை எடுத்துப் போங்கள்.